ஃபுளோரன்ஸில் நல்ல சாக்லேட் ஜெலாட்டோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரன்ஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை வேலை விஷயமாகத் தனியாக, மூன்று வாரம். அடுத்த முறை அம்மாவோடு, ஆறு நாள். இரண்டு முறையும் மியூசியங்களில் நின்ற நேரத்துக்குச் சமமாக ஜெலாட்டோ, அதாவது இத்தாலிய ஐஸ்கிரீம் விற்கும் கடைகளிலும் நின்றிருப்பேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. தெரிந்தவர்கள் யார் இத்தாலிக்குக் கிளம்பினாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சாக்லேட்டுக்கு மட்டும் ஏன் தனியாக இவ்வளவு?

மற்ற ருசிகளில் கண்ணே பாதி வேலையைச் செய்துவிடும். பிஸ்தா பளீரென்ற கிளிப்பச்சையில் இருந்தால் சாயம் போட்டிருக்கிறார்கள். நிஜப் பிஸ்தா மங்கலாக, பழுப்புக் கலந்த பச்சையாக இருக்கும். வாழைப்பழத்தை அரைத்தால் சாம்பல் ஓடிய வெள்ளைதான் வரும், மஞ்சள் வராது. புதினா இலையைப் பாலில் ஊறவைத்து எடுத்தால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். சாக்லேட்டில் இந்த வசதி கிடையாது. மட்டமான கோகோ பொடியும் பழுப்பு, முதல்தர சாக்லேட்டும் பழுப்பு. கண்ணாடிக்கு வெளியே நின்று எவ்வளவு நேரம் முறைத்தாலும் வித்தியாசம் தெரியாது.

அதனால் நான் கையாளும் வழி இது: பிஸ்தாவைப் பார்த்துக் கடையை எடைபோடுவேன், சாக்லேட்டை வாங்குவேன். பிஸ்தாவில் பொய் சொல்கிற கடை சாக்லேட்டில் உண்மை பேசும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஜெலாட்டோ என்பது ஐஸ்கிரீமுக்கு இத்தாலியப் பெயர்தானே?

சொல் அப்படித்தான், பண்டம் கொஞ்சம் வேறு. ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு அதிகம். அமெரிக்காவில் சட்டப்படியே குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். ஜெலாட்டோவில் கிரீமைவிடப் பால் கூடுதல் என்பதால் கொழுப்பு பெரும்பாலும் 4 முதல் 9 சதவீதத்துக்குள் நின்றுவிடும். இரண்டாவது விஷயம் காற்று. கடையும்போது ஐஸ்கிரீம் ஏறக்குறைய இரட்டிப்பாக உப்பிவிடுவதும் உண்டு. ஜெலாட்டோவை மெதுவாகக் கடைவதால் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் உப்பும். கையில் வாங்கினாலே கனம் தெரியும்.

மூன்றாவது குளிர். ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும். ஜெலாட்டோவை மைனஸ் 12, 14 வாக்கில் வைத்துக் கரண்டியில் எடுப்பார்கள். நாக்கு அவ்வளவாக மரத்துப்போகாது, ருசி சட்டென்று தெரியும். சாக்லேட்டுக்கு இது நல்லதும் கெட்டதும். நல்ல கோகோ இருந்தால் அதன் மணம் முழுசாக வரும். மட்டமானதாக இருந்தால் ஒளிய இடம் இல்லை.

கடைக்குள் நுழையும் முன்னாலேயே எதைப் பார்த்து முடிவு செய்யலாம்?

மலையைப் பாருங்கள். தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு அலை அலையாகக் குவித்து, மேலே ஆரஞ்சுத் துண்டும் சாக்லேட் குச்சியும் செருகி வைத்திருந்தால் நடையைக் கட்டலாம். பாலும் சர்க்கரையும் கோகோவும் சேர்ந்த நல்ல ஜெலாட்டோ அந்தக் குளிரில் அப்படி விறைத்து நிற்காது, சரியும். நிற்கிறது என்றால் கொழுப்போ, நிலைநிறுத்தும் பொடிகளோ, காற்றோ வேண்டிய அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. துவோமோ பேராலயத்தைச் சுற்றியும் போந்தே வெக்கியோ பாலத்துக்குப் போகும் வழியிலும் இந்த மலைகளுக்குப் பஞ்சமே இல்லை. போட்டோவுக்கு அழகாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர், மூடி போட்ட எஃகுக் குழிகள். பொத்ஸெத்தி என்பார்கள். வட்ட மூடிகள் வரிசையாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பெயர்ப் பலகையைப் படித்துத்தான் கேட்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் படாமல், குளிர் ஏறி இறங்காமல் இருக்கும் என்பது இதன் நன்மை. மூடி இருந்துவிட்டால் மட்டும் உள்ளே இருப்பது தங்கம் என்று அர்த்தமில்லை. ஆனால் வழிப்போக்கரின் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும் என்ற அவசரம் அந்தக் கடைக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ருசிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். சின்னக் கடையில் அறுபது வகை இருந்தால், அத்தனையையும் தினமும் யார் கடைகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். மே மாதம் போய் நின்றால் ஸ்ட்ராபெர்ரி இருக்கலாம். ஜனவரியிலும் அதே ஸ்ட்ராபெர்ரி சிரித்துக்கொண்டிருந்தால் பெட்டியிலிருந்து வந்தது.

"ஆர்த்திஜனாலே" என்று பலகை இருக்கிறது. கையால் செய்தது என்றுதானே பொருள்?

பொருள் அதுதான். ஆனால் அந்தச் சொல் ஊரில் முக்கால்வாசிக் கடை வாசலில் தொங்குகிறது. தயார்ப் பொடியை வாங்கி, பாலூற்றி, அங்கேயே இயந்திரத்தில் கடைந்தாலும் அதே பலகையை மாட்டிக்கொள்கிறார்கள். "புரொதுத்ஸியோனே ப்ரொப்ரியா", அதாவது சொந்தத் தயாரிப்பு என்று எழுதியிருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

பலகையை விட்டுவிட்டுப் பொருள்பட்டியலைத் தேடுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2014 டிசம்பரிலிருந்து சட்டம். அதனால் சுவரிலோ கல்லாப் பக்கத்திலோ ஒரு தாளோ கோப்போ இருக்கும். சாக்லேட்டுக்கு நேரே பால், சர்க்கரை, கோகோ, சாக்லேட், கரூபெ (கரோப்) மரத்து விதைமாவு என்று சுருக்கமாக இருந்தால் நல்லது. தாவர எண்ணெய், செயற்கை மணம் என்று வால் நீண்டுகொண்டே போனால் யோசியுங்கள்.

விதைமாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பனித்துகள் பெரிதாகாமல் பிடித்து வைக்கச் சிட்டிகை அளவு போடுவார்கள். சிலர் அதற்குக் குவார் கம் சேர்ப்பார்கள். அது வேறொன்றுமில்லை, நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுப்பது. பொரியல் செய்தால் பாதி வீட்டில் தட்டின் ஓரத்துக்குப் போகும் காய், அங்கே போய் ஜெலாட்டோவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சாக்லேட் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கோகோவைக் காரப்பொருள் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தும் முறை ஒன்று உண்டு. ஹாலந்தின் வான் ஹவுட்டன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. அப்படிச் செய்தால் புளிப்பும் துவர்ப்பும் குறையும், நிறம் கறுக்கும். கடுமையாகப் பதப்படுத்தினால் கரி போன்ற நிறம் வந்துவிடும், ஆனால் பழமணம் போய்விடும். ஆக, கறுப்பு என்பது கோகோ எவ்வளவு என்பதைவிட அதை என்ன செய்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

"அப்படியென்றால் உயர்ந்த சாக்லேட் பாளத்தை நிறைய உருக்கிப் போட்டால் போதுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். அதிலும் சிக்கல் இருக்கிறது. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி வேண்டும். குளிர்ந்த வாயில் அது சீக்கிரம் உருகாது. அளவு மீறினால் ஜெலாட்டோ இறுகும், அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி இருக்கும். நல்ல கைகாரர்கள் பொடியையும் பாளத்தையும் கணக்குப் பார்த்துச் சேர்க்கிறார்கள். பொடியிலும் கொழுப்பு 10, 12 சதவீதம் உள்ள மலிவு வகை உண்டு. 22 முதல் 24 சதவீதம் உள்ள உசத்தி வகையும் உண்டு. அப்புறம் சூடு. கலவையை 85 டிகிரி வரை கொண்டுபோனால்தான் கோகோ மலர்ந்து மணம் விடும். பிறகு சட்டென்று 4 டிகிரிக்கு இறக்கி, சில மணி நேரம் ஊறவிட்டுக் கடைய வேண்டும். சூடே காட்டாமல் குளிர்ந்த பாலில் பொடியைக் கரைத்துக் கடைந்தால் நாக்கில் மாவு மாவாக நிற்கும்.

பலகையில் சாக்லேட்டுக்கே ஐந்தாறு பெயர்கள் இருக்கின்றன. எது எது?

வெறும் "சொக்கொலாத்தோ" என்றால் பால் சேர்த்த சாதாரண சாக்லேட். "அல் லாத்தே" என்று ஒட்டு இருந்தால் இன்னும் வெளிறிய பால் சாக்லேட். "ஃபொந்தெந்தே" என்பது கறுப்பு, கசப்பு. பல கடைகளில் பாலே இல்லாமல் தண்ணீரில் செய்வார்கள். கடையின் தரத்தை அறிய வேண்டுமானால் இதையே கேளுங்கள். பால் என்ற போர்வை இல்லாததால் கோகோ எப்படிப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

"ஜந்தூயா" சாக்லேட்டும் ஹேசல் கொட்டையும் சேர்த்து அரைத்தது. இது வடக்கே தூரின் நகரத்துச் சொத்து. 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயருடன் வணிகத்தைத் தடுத்தபோது கோகோ வரத்து குறைந்தது. கையிலிருந்த கோகோவைப் பக்கத்து மலைகளில் விளைந்த கொட்டையோடு கலந்து நீட்டினார்கள் என்பார்கள். பஞ்சத்தில் பிறந்த கலவை, இன்று தனியாக விலை கேட்கிறது. "பாச்சோ" என்றால் முத்தம். 1922இல் பெருஜா நகரில் வந்த பாச்சி மிட்டாயின் ருசியைப் பிடித்தது, உள்ளே கொட்டை நொறுங்கும். "ஸ்த்ராச்சத்தெல்லா" சாக்லேட் ஜெலாட்டோவே இல்லை, பால் ஜெலாட்டோவில் சாக்லேட் சீவல். 1961இல் பெர்கமோவில் பிறந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

மிளகாய், ஆரஞ்சு, ரம் சேர்த்தவையும் இருக்கும். முதல் நாளே அவற்றில் இறங்க வேண்டாம். மிளகாய் எரிச்சலில் எந்தச் சாக்லேட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

ருசி பார்க்கக் கேட்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாக. "போஸ்ஸோ அஸ்ஸஜ்ஜாரே?" என்றால் சின்னக் கரண்டியில் தருவார்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பின்னால் இருபது பேர் நிற்கும்போது ஆறு ருசி கேட்பது நம்மூர் ஜவுளிக்கடைப் பழக்கம், அங்கே செல்லாது.

வாயில் வைத்ததும் முதலில் எது வருகிறது என்று பாருங்கள். கோகோவுக்கு முன்னால் சர்க்கரை வந்தால் அதோடு விடுங்கள். நாக்கால் அண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். மணல் நெருடினால் பனித்துகள், அதாவது பழசு, அல்லது உருகி மறுபடி உறைந்தது. விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். நல்ல சாக்லேட் என்றால் மணம் இன்னும் தொண்டையில் நிற்கும்.

என் அம்மாவின் சோதனை இதைவிட எளிது. சாப்பிட்டு முடித்ததும் "தண்ணி கேட்குது" என்றால் கடை தோற்றது. சர்க்கரை அதிகமானால் தாகம் எடுக்கும் என்பதை அவர் ஜாங்கிரியில் கற்றவர். ஃபுளோரன்ஸில் நாங்கள் சாப்பிட்ட பதினோரு கடைகளில் நான்குதான் அவரிடம் தேறின. தேறாத நாள்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்: பியாத்ஸா தெல்லா சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நெப்டியூன் நீரூற்றுக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. இலவசம். சோடாத் தண்ணீர்கூட வரும்.

சரி, கடைப் பெயரைச் சொல்லுங்கள்.

சாக்லேட் என்றால் என் முதல் ஓட்டு வெஸ்த்ரிக்கு. பொர்கோ தெலி அல்பிஸி தெருவில் இருக்கிறது, துவோமோவிலிருந்து பொடிநடை. அடிப்படையில் அது அரெத்ஸோவைச் சேர்ந்த குடும்பத்தின் சாக்லேட் கடை. ஜெலாட்டோ பக்கத் தொழில். மூடி போட்ட குழிகளிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். சாக்லேட் செய்கிறவர் கையிலேயே சாக்லேட் ஜெலாட்டோ இருப்பதில் உள்ள சௌகரியம் முதல் வாயிலேயே தெரிந்தது. இடம் சின்னது, உட்கார வசதி எதிர்பார்க்காதீர்கள்.

ஆர்னோ நதியைக் கடந்து ஒல்த்ரார்னோ பக்கம் போனால் பியாத்ஸா தெல்லா பஸ்ஸேரா என்று ஒரு கையகலச் சதுக்கம். பஸ்ஸேரா என்றால் சிட்டுக்குருவி; பெயருக்கேற்ற அளவுதான் இருக்கும். அங்கே ஜெலாத்தேரியா தெல்லா பஸ்ஸேரா. இதுவும் மூடிக்குழிகள்தான். எண்ணிக்கை குறைவு, இனிப்பும் குறைவு. அம்மாவின் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது இதுதான்.

பழைய கடைகளில் விவோலி 1930இலிருந்து இருக்கிறது, சாந்தா குரோச்சே தேவாலயத்துப் பக்கம். அது இருக்கும் தெருவின் பெயரில் வரும் ஸ்தின்கே, அங்கே முன்பிருந்த சிறைச்சாலையின் பெயர். கோன் கிடையாது, கிண்ணம் மட்டும். சில வருடங்களாக அங்கே அஃபொகாத்தோ, அதாவது ஜெலாட்டோ மேல் காபி ஊற்றித் தருவது, இன்ஸ்டாகிராமில் பரவிப்போய் வரிசை தெரு முனையைத் தாண்டுகிறது. சாக்லேட்டுக்காக அவ்வளவு நேரம் நிற்கலாமா என்றால், நான் நிற்க மாட்டேன். வீயா தெய் தவொலீனியில் "பெர்க்கே நோ!" 1939இலிருந்து. பெயருக்கு "ஏன் கூடாது!" என்று பொருள். கூட்டத்தின் நட்டநடுவில் இருந்துகொண்டும் தரத்தை விடாத கடை.

ஊரெங்கும் தென்படும் வென்கி, தூரினில் 1878இல் தொடங்கிய சாக்லேட் நிறுவனம். இன்று பல நாடுகளில் கிளை இருக்கிறது. தொடர்கடை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும். கால் வலிக்கிறது, குழந்தை அழுகிறது, எங்கே போவதென்று தெரியவில்லை என்றால், மலை குவித்த பக்கத்துக் கடையைவிட இது எவ்வளவோ மேல்.

வரிசை நீளமாக இருந்தால் நல்ல கடை என்று நம்பலாமா? நட்சத்திர மதிப்பீடு?

வரிசையில் என்ன மொழி கேட்கிறது என்று பாருங்கள். எல்லார் கையிலும் செல்போன் தூக்கியபடி இருந்தால் அது வேறு வரிசை. பள்ளிப்பையோடு பிள்ளைகள், நாயோடு தாத்தா நின்றால் கடைசியில் போய் நின்றுகொள்ளலாம். நட்சத்திரங்களைவிட நான் மோசமான விமரிசனங்களைத்தான் படிப்பேன். "மெதுவாகத் தருகிறார்கள்", "ருசி வகைகள் குறைவு", "சாக்லேட் கசக்கிறது" என்றெல்லாம் திட்டியிருந்தால் உடனே கிளம்பிவிடுவேன்.

விலை எவ்வளவு? ஏமாற்றுவார்களாமே?

சின்னக் கிண்ணமோ கோனோ சுமார் 3, 4 யூரோ. அந்தப் பணத்துக்கே இரண்டு ருசி தருவார்கள்.

ஏமாற்று பெரும்பாலும் அளவில்தான் நடக்கும். முதல் பயணத்தின் முதல் நாள், போந்தே வெக்கியோவுக்கு அருகில் ஒரு கடையில் "ஒரு சாக்லேட் கோன்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அளவு கேட்கவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பூங்கொத்து மாதிரி ஒரு பெரிய வாஃபிள் கோனை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். தடுக்கத் தோன்றவில்லை, தாராள மனசு என்றே நினைத்தேன். பில் 13 யூரோ. விலைப்பட்டியல் இருந்தது, கதவுக்குப் பின்னால். அந்தக் கோனைப் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை. ஒரே சர்க்கரை.

இது பரவாயில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ள ஒரு செய்தி உண்டு. 2013இல் ரோமில் ஸ்பானியப் படிகளுக்கு அருகே நான்கு பிரிட்டிஷ் பயணிகள் நான்கு ஐஸ்கிரீமுக்கு 64 யூரோ கொடுத்தார்கள். பத்திரிகையெல்லாம் வந்து, நகரமே வெட்கப்பட்டது.

எனவே விலைப்பட்டியல் கண்ணில் படாத கடையில் வாங்காதீர்கள். அளவை முதலிலேயே சொல்லுங்கள்: கிண்ணம் என்றால் "ஊனா கொப்பெத்தா பிக்கொலா", கோன் என்றால் "உன் கோனோ பிக்கொலோ". பல கடைகளில் முதலில் காஸ்ஸாவில், அதாவது கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அங்கே ஏமாற்ற வழியே இல்லை. "பன்னா?" என்று கேட்டால் மேலே கடைந்த கிரீம் வேண்டுமா என்கிறார்கள். சில இடத்தில் சும்மா, சில இடத்தில் காசு. நல்ல சாக்லேட்டுக்கு அது தேவையில்லை. மேஜையில் உட்கார்ந்தால் விலை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மசாலா தோசைக்கு ஏசி அறையில் தனி விலை போடும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை.

முட்டை சாப்பிட மாட்டோம். சாக்லேட்டில் முட்டை இருக்குமா?

கடைக்குக் கடை மாறும், கேட்டுவிடுவதே நல்லது. "சென்ஸா உவோவா?" என்றால் முட்டை இல்லாததா என்று பொருள். "க்ரேமா" என்று பெயர் வைத்தவற்றில் மஞ்சள்கரு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டில் சிலர் போடுவார்கள், சிலர் மாட்டார்கள். தண்ணீரில் செய்த ஃபொந்தெந்தே பெரும்பாலும் பிழைத்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதுதான், "சென்ஸா லாத்தே?" என்று உறுதிசெய்துகொண்டு. ஆனால் கரண்டி ஒவ்வொரு ருசிக்கும் மாறுமா என்று கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் தனியாகக் கேட்க வேண்டும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இத்தாலிய ஜெலாட்டோக் கடை பத்திரமான இடமில்லை. பாதிக் குழிகளில் ஏதோ ஒரு கொட்டை.

மது வேண்டாம் என்பவர்கள் "மாலகா"வையும் "ட்ஸூப்பா இங்லேசே"யையும் தவிருங்கள். முதலாவதில் ரம்மில் ஊறிய திராட்சை. இரண்டாவதில் வழக்கமாக அல்கெர்மெஸ் என்ற சிவப்பு மது. அதன் சிவப்பே பழைய முறையில் ஒரு பூச்சியிலிருந்து வந்தது. சைவக்காரருக்கு இரட்டை அடி.

வாங்கியாகிவிட்டது. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

பேராலயப் படிகளில் வேண்டாம். 2017இல் மேயர், மதிய உணவு நேரத்தில் தேவாலயப் படிகளைக் குழாய் வைத்துக் கழுவி ஈரமாக்கச் செய்தார், யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதற்காகவே. அடுத்த வருடம் செப்டம்பரில் உஃபிஸி மியூசியத்துக்கு அருகே நான்கு தெருக்களில் குறிப்பிட்ட நேரங்களில் நடைபாதையில் நின்று உண்ணவே தடை போட்டார்கள். அபராதம் 150 முதல் 500 யூரோ. அது தற்காலிக உத்தரவு. இருந்தாலும் ஊர்க்காரர்களின் எரிச்சல் எங்கே இருக்கிறது என்பது புரியும். அவர்கள் வீட்டு வாசற்படியில் தினமும் யாரோ ஒழுக ஒழுகத் தின்றுகொண்டிருந்தால் நமக்கும் அப்படித்தான் இருக்கும்.

நடந்துகொண்டே சாப்பிடுங்கள், ஆர்னோ கரைக்குப் போய்விடுங்கள். நேரமும் முக்கியம். மாலை 4இலிருந்து 6 வரையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் நெரிசல். காலை பதினொன்றரைக்குப் போனால் கடை காலியாக இருக்கும். காலையில் கடைந்தது அப்போதுதான் குழிக்கு வந்திருக்கும்.

ஜெலாட்டோவைக் கண்டுபிடித்ததே ஃபுளோரன்ஸ்தானாமே?

ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்துக் கேத்தரின் 1533இல் பிரான்ஸுக்குக் கல்யாணமாகிப் போனபோது ஜெலாட்டோவையும் கூட்டிப்போனார் என்ற கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் ஏதும் கிடையாது. மெடிசிகளின் விழாக்களை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பெர்னார்தோ புவொந்தலெந்தி ஒரு விருந்துக்கு உறைந்த கிரீம் செய்தார் என்பது இன்னொரு கதை. அவர் பெயரில் ஒரு ருசியே இருக்கிறது, பதியானி என்ற பழைய கடையில் பிரபலம். வெள்ளையாக, கிரீமாக இருக்கும், நமக்குச் சம்பந்தமில்லை. சாக்லேட்டை உறையவைத்த பழைய செய்முறை வேண்டுமென்றால் நேப்பிள்ஸுக்குத்தான் போக வேண்டும்: அன்தோனியோ லத்தீனி என்பவர் 1690களில் அங்கே எழுதி வைத்தார்.

ஃபுளோரன்ஸ் பெருமைப்பட்டுக்கொள்ள வேறொன்று இருக்கிறது, அதை ஏனோ கடைகளில் யாரும் சொல்வதில்லை. மூன்றாம் கோசிமோ மெடிசியின் வைத்தியர் ஃபிரான்செஸ்கோ ரெதி. இறைச்சியில் புழு தானாகப் பிறப்பதில்லை, ஈ முட்டையிட்டுத்தான் வருகிறது என்று 1668இல் சோதித்துக் காட்டினாரே, அதே ஆள். அவர் அரண்மனைக்காக மல்லிகை மணக்கும் சாக்லேட் செய்தார். வறுத்து உடைத்த கோகோவையும் புதுப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒரு நாள் விட்டு, வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. செய்முறையைக் கேட்டவர்களிடம் வாயே திறக்கவில்லை. இதைச் சொன்னதும் அம்மா, "எள்ளுல பூவைப் போட்டு வாசம் ஏத்தி எண்ணெய் ஆட்டுற மாதிரிதானே" என்றார். அதேதான்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

காலையில் துவோமோவைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரை வாக்கில் வெஸ்த்ரியில் ஃபொந்தெந்தே, சின்னக் கிண்ணம், கூட வேறு எதுவும் வேண்டாம். மாலையில் பாலத்தைக் கடந்து பஸ்ஸேராவில் இன்னொன்று. இந்த முறை ஒரு பாதி சாக்லேட், ஒரு பாதி பிஸ்தா. நடுவில் யாராவது தெருவில் கூப்பிட்டுச் சாம்பிள் நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடங்கள்.

அறைக்குப் பார்சல் வாங்கிப் போகலாமா?

கிலோக் கணக்கில் தெர்மோகோல் டப்பாவில் தருவார்கள். அரை மணி நேரம் தாங்கும். ஆனால் ஹோட்டல் ஃபிரிட்ஜ் ஜெலாட்டோவை உறைநிலையில் வைத்திருக்காது, இளக்கிச் சூப்பாக்கிவிடும். அரைக் கிலோ ஜந்தூயாவை அப்படி வைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு நானும் அம்மாவும் பல் தேய்க்கும் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். குடித்துவிட்டு அவர் தண்ணீர் கேட்கவில்லை.